மிச்சம் வைக்காத குதிரை

முதல் பந்தயத்துக்குக் குதிரை தெரியாமல் போகும். இரண்டாவதுக்குத் தெரிந்து போகும். அந்த லாயத்தில் எல்லோரும் சொல்கிற பேச்சு இது. முதல் முறை கேட் திறக்கும்போது இரண்டு வயதுக் குட்டி, பக்கத்துக் குட்டி ஓடுகிறதே என்றுதான் ஓடும். சாட்டை என்றால் என்ன, கூட்டத்தின் கூச்சல் என்றால் என்ன, நெஞ்சு வெடித்தாலும் மேலே உட்கார்ந்திருப்பவன் விடமாட்டான் என்றால் என்ன என்பதெல்லாம் அன்றைக்குத்தான் அதற்கு விளங்கும். ஆகவே முதல் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தது என்று பார்த்துக் குட்டியை எடைபோடுவது, கிணற்றை எட்டிப் பார்த்துத் தண்ணீரின் ருசி சொல்வது போல.

ருசி சொல்ல அங்கே ஒருவர் இருந்தார். குதிரைக்காரர்களில் மூத்தவர். தொட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். குட்டி முதல் பந்தயம் ஓடி வந்த பிறகு மூன்று விடியற்காலைகள் அதன் தீவனத் தொட்டியைப் பார்ப்பார். அவ்வளவுதான் அவர் வித்தை. ஓட்டம் இன்னதென்று விளங்கிய பிறகும் வயிறாரத் தின்கிற குட்டி, மறுபடி ஓடும். விளங்கிய பின் தின்ன முடியாத குட்டி, இனி பந்தயத்துக்கு ஏற்றிப் போகிற வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்கும். பதினோரு வருடத்தில் அவர் சொல்லிப் பிசகினது கிடையாது. கையில் ஸ்டாப்வாட்சும் பக்கத்தில் டாக்டருமாக நிற்கிற, குதிரைகளைப் பழக்குகிற மாஸ்டரே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் அவர் பக்கம் திரும்பி, "தொட்டி என்னய்யா சொல்லுது?" என்று கேட்பார்.

அதுவரை அவர் சொன்னதெல்லாம் அடுத்தவர் கையிலிருந்த குதிரைகளைப் பற்றி. இந்தத் தடவை அவர் பராமரிக்கிற குதிரையே ஓடியிருந்தது.

பெயர் மூக்குத்தி. பந்தயச் சீட்டில் வேறு ஏதோ நீளமான பெயர். இடது மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்ததால் லாயத்தில் இந்தப் பெயர். ஒன்பது குட்டிகளில் நான்காவதாக வந்தது. அதே பந்தயத்தில் அதே முதலாளியின் கறுப்பன் இரண்டாவதாக வந்தான். கறுப்பனைப் பார்த்துக்கொண்டவனுக்குப் பேர் சீட்டி. பல் இடுக்கில் எப்போதும் ஒரு சீட்டிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். மற்றது ஏலத்துக்கு.

குதிரை போனால் குதிரைக்காரரும் அறையைக் காலி செய்ய வேண்டும். அது அந்த லாயத்துச் சட்டம். லாயத்தின் முதுகோடு ஒட்டி எட்டு அறைகள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுத்து வருகிற குதிரையோடு அடுத்த குடும்பம் வரும். தொட்டிக்காரரிடம் இருந்த இன்னொரு குதிரையை வயதாகிவிட்டதென்று போன மாதம்தான் கழித்துவிட்டார்கள். மிச்சம் மூக்குத்தி ஒன்றுதான். அறையில் அவர், மனைவி, நிறைமாதத்தில் மகள். மருமகன் தொலைதூரத்தில் கட்டட வேலையில் இருந்தான். மகளுக்கு இரத்த அழுத்தம். எழுந்து நடமாடக்கூடாது, வண்டியில் ஏறக்கூடாது, இடம் மாற்றக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். அறையில் இருந்த ஒரே கட்டில் அவளுக்கு. கட்டிலை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் மூக்குத்தியின் கொட்டடி. குதிரை சுவரை உதைத்தால் கட்டில் அதிரும்.

பந்தயம் முடிந்த அன்று சாயங்காலம், தவிடும் ஓட்ஸும் வெல்லக் கரைசலும் கலந்து வைத்துவிட்டு அவர் அரைமணி நேரம் நின்று பார்த்தார். மூக்குத்தி மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. காது பின்னால் படிந்திருந்தது. தொட்டிப் பக்கம் திரும்பவில்லை.

அறைக்கு வந்தவரிடம் மனைவி டீ நீட்டினாள். லாயத்துக்குத் தீவனம் வேகவைக்கும் பெரிய அண்டா அவள் பொறுப்பு. உடம்பெல்லாம் தவிட்டு வாசனை.

"என்னங்க, தின்னுச்சா?"

"திங்கல."

"களைப்பா இருக்கும்."

"களைப்பு வேற, இது வேற. களைச்ச குதிரை தொட்டியப் பாத்துக்கிட்டு நிக்கும். இது சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்குது."

"அப்படின்னா?"

"அப்படின்னா அப்படித்தான். இன்னும் மூணு விடியல் இருக்கு, பாப்போம்."

"மூணாவது விடியலுக்கு அப்புறம் நாம எங்க போறது? இவள எதுல வச்சுத் தூக்கிட்டுப் போறது, தள்ளுவண்டியிலயா?"

கட்டிலிலிருந்து மகள் சொன்னாள்: "நான் நடப்பேம்மா."

"நடப்ப, நடப்ப. வாய மூடிட்டு இடது பக்கமா படு."

தொட்டிக்காரர் டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. ஆறிப்போனதைச் சொல்கிற நேரம் இல்லை என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கொட்டடியைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தொட்டி காலி. அடிப்பலகை தெரிந்தது. மூக்குத்தி அதே மூலையில்தான் நின்றது. ஆனால் தொட்டி காலி. ஆள் அடங்கிய பிறகு பயம் தெளிந்து தின்றிருக்கும் என்று நினைத்தார். சில குட்டிகள் அப்படி உண்டு. அவரே பார்த்திருக்கிறார். எப்போது, எந்தக் குட்டி என்று யோசித்துப் பார்த்தார். சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் நாளும் காலி. மூன்றாம் நாளும் காலி.

கறுப்பன் மூன்று நாளும் பாதிக்குப் பாதி மிச்சம் வைத்திருந்தான்.

மாஸ்டர் வந்தார். டாக்டர் கால்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போன பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"தொட்டி என்னய்யா சொல்லுது?"

"மூக்குத்தி சுத்தமா வச்சிருக்குங்கய்யா. கறுப்பன் மிச்சம் வைக்கறான்."

"ரெண்டாவதா வந்தவன அனுப்பிட்டு நாலாவதா வந்தத வச்சுக்கச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. தொட்டி சொல்லுது."

மாஸ்டர் சிரித்தார். "நல்லா தப்பிச்சுக்கறய்யா நீ" என்று முதுகில் தட்டினார். அன்று மத்தியானமே கறுப்பனை ஏற்ற வண்டி வந்துவிட்டது.

சீட்டி அறையைக் காலி செய்ய இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம்தான். ஒரே நாளில் கட்டிவிட்டான். ரோசக்காரன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மூட்டையோடு ஆட்டோவில் உட்கார்ந்திருக்க, அவன் தொட்டிக்காரர் முன்னால் வந்து நின்றான். அன்றைக்கு அவன் பல்லிடுக்கில் சத்தம் இல்லை.

"வரேண்ணே."

"எங்க போறே?"

"மச்சான் வீட்டுக்கு. அங்க ஏற்கெனவே ஏழு பேரு. நாங்க நாலு. ஷிப்ட் போட்டுத்தான் படுக்கணும்."

"உன் குதிரை கெட்ட குதிரை இல்ல தம்பி."

"அத மாஸ்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தணிந்தான். "உங்க மேல கோவமில்லண்ணே. தொட்டி சொல்றதத்தான நீங்க சொல்லுவீங்க? கறுப்பன் குட்டியிலிருந்தே மிச்சம் வைக்கற பய. பிறந்த வீட்டுல ஒரு தொட்டியில மூணு பேரு தின்னு வளந்தவன்; எப்பவும் கூட்டாளிக்குன்னு கொஞ்சம் விட்டு வைப்பான். அது பழக்கம், பயமில்ல. நீங்க கேக்கல, நானும் சொல்லல." ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

கேட்டிருக்க வேண்டும். எந்தக் குட்டிக்கும் முன்னே எப்படித் தின்றது என்று கேட்காமல் அவர் தீர்ப்புச் சொன்னதில்லை. இந்தத் தடவை ஏன் கேட்கவில்லை? ஆட்டோ புகை அடங்குகிறவரை அந்தக் கேள்வியோடு நின்றார். பிறகு வேலை கூப்பிட்டது, போனார்.

ஒரு வாரம் போனது. மூக்குத்தியை இரண்டாவது பந்தயத்துக்கு அடுத்த சனிக்கிழமை என்று போட்டிருந்தார்கள். தினமும் உடம்பு தேய்த்துவிடும்போது அவர் கைக்கு ஒன்று தட்டுப்பட்டது. விலா எலும்பு. பிரஷ் ஒவ்வொரு எலும்பின் மேலும் ஏறி இறங்கியது. மூன்று வேளையும் தொட்டி காலியாகிற குதிரைக்கு எலும்பு எப்படித் தெரியும்? பூச்சி மருந்து கொடுத்தார். வாயைத் திறந்து பல்லைத் தடவிப் பார்த்தார். சாணத்தைக் கிளறிப் பார்த்தார். அது கொஞ்சமாகத்தான் இருந்தது. உள்ளே போவதெல்லாம் எங்கேதான் போகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், தீவனம் வைத்துவிட்டு வைக்கோல் இறக்கக் கொட்டகைக்குப் போனார். லாரி பழுதாகி வழியில் நிற்கிறது, சாயங்காலம்தான் வரும் என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பி வந்தவர் கொட்டடிக் கதவு அரைக் கதவாகத் திறந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே அவர் மனைவி குனிந்து, தொட்டியிலிருந்து தீவனத்தை இரண்டு கையாலும் வாளிக்குள் அள்ளிக்கொண்டிருந்தாள். வாளிக்குப் பக்கத்தில் குதிரைக் காலுக்குச் சுற்றுகிற, துவைத்த பண்டேஜ் சுருள்கள், மேலே மூடிப் போவதற்கு. மூக்குத்தி மூலையில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். பார்த்தாள். மிச்சமிருந்ததையும் அள்ளி முடித்தாள்.

"உள்ள வாங்க. வெளியில நின்னு பேசினா எட்டு அறைக்கும் கேக்கும்."

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்குகிறவள் இமை அப்படி ஆடாது.

"எத்தனை நாளா?" என்றார்.

"முதல் நாள்ல இருந்தே. அடுப்பு மூட்ட நாலு மணிக்கு எழுந்திருக்கேன்ல, அப்ப."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் இல்ல. ஒரு கை அளவு அது தின்னுச்சு. பொய் சொல்லக்கூடாது."

"பொய் சொல்லக்கூடாதுன்னு நீ சொல்றியா எனக்கு?"

"கத்தாதீங்க. அவளுக்கு ரத்தம் ஏறும்."

அவர் குரலை இறக்கினார். "அவ்வளவையும் எங்க கொண்டுபோய்க் கொட்டின?"

"கொட்டல. கொட்ட மனசு வரல. பால்காரர் மாட்டுக்குக் கொடுத்தேன்."

"அதான் பால் அவ்வளவு கெட்டியா இருந்துச்சா?"

"நீங்கதான் பிரமாதமா இருக்குன்னு ரெண்டாவது டம்ளர் கேட்டீங்க."

கட்டிலில் ஒரு சத்தம் வந்தது. மகள் சிரிப்பை அடக்கப் பார்த்து, அது அழுகையாகத் திரும்பிக்கொண்டது. "அம்மாவத் திட்டாதீங்கப்பா. எனக்கும் தெரியும்."

"உனக்கும் தெரியுமா? ரொம்ப நல்லது. மாட்டுக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரியும், வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"உங்களுக்கும் தெரியும்" என்றாள் மனைவி.

"எனக்கா?"

"பதினோரு வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். தொட்டிக்குள்ள கைய விட்டு, மூலையத் தடவி, விரல மோந்து பாக்காம ஒரு நாளாவது நீங்க தீர்ப்பு சொன்னதுண்டா? குதிரை நக்கின தொட்டி பளபளன்னு எச்சில் காஞ்சு இருக்கும். கையால அள்ளின தொட்டியில மூலைக்கு மூலை தவிட்டுத் தூசி நிக்கும். இத எனக்குச் சொன்னதே நீங்கதான். முதல் நாள் அள்ளிட்டு வந்து, நீங்க கைய விட்டதும் மாட்டிக்குவேன்னு அடுப்படியில உக்காந்து நடுங்கிக்கிட்டிருந்தேன். நீங்க வாசல்லயே நின்னீங்க. எட்டிப் பாத்தீங்க. திரும்பிட்டீங்க. மூணு நாளும்."

அவர் வாய் திறந்தால் 'இல்லை' என்று வர வேண்டும். வரவில்லை.

"நான் அள்ளினேன். நீங்க கைய விடல" என்றாள் அவள். "ஒரு சுவரு. அதுக்கு ரெண்டு பக்கமும் பொட்டைப் பிள்ளைங்கதான். நான் இந்தப் பக்கத்துப் பிள்ளையப் பாத்தேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மூக்குத்தி ஒரு உதை விட்டது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலைப் பயிற்சியின்போது தொட்டிக்காரர் ஓடுதளத்துக் கம்பி வேலி ஓரம் போனார். மாஸ்டர் வாட்சும் கையுமாக நின்றிருந்தார். பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. குதிரைகள் வருவதற்கு முன் குளம்புச் சத்தம் வந்தது.

"ஐயா, ஒரு வார்த்தை."

"சொல்லுய்யா."

"நாளைக்கு மூக்குத்திய விட வேண்டாங்கய்யா."

"ஏன், கால்ல சூடா, வீக்கமா?"

"கால் நல்லாருக்கு. அது சாப்பிடலைங்க. அன்னைக்கும் சாப்பிடல. பயந்துபோச்சு. நான் தப்பா சொல்லிட்டேன்."

"தொட்டி காலின்னியே?"

"காலிதான். நான் அள்ளிக் கொட்டினேன்."

மாஸ்டர் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "நீயா? ஒரு பிடி ஓட்ஸ் கீழ சிந்தினா உக்காந்து பொறுக்கற ஆளு நீ." பிறகு கையை ஆட்டினார். "வேண்டாம். யார்னு எனக்குச் சொல்லாத. தெரிஞ்சா நான் ஏதாவது செஞ்சாகணும்."

"அறைய எடுத்துக்குங்க ஐயா. குழந்தை பிறக்கற வரைக்கும் மட்டும் வேற எங்கயாவது ஒரு மூலை..."

"உன் அறையா? உன் அறையோட போனா நான் இப்பவே பேர வாபஸ் வாங்கிடுவேன்யா. கறுப்பன் போன இடத்துல எப்படி ஓடறான்னு கேட்டியா? காத்து. முதலாளி காதுக்குப் போயிடுச்சு. நேத்து சாயங்காலம் கூப்பிட்டார். 'ரெண்டுல நல்லத வித்துட்டு நொள்ளைய வச்சிருக்கியா? சனிக்கிழமை அது ஓடி முன்னால வந்து நிக்கலன்னா என் பன்னெண்டு குதிரையும் வேற லாயத்துக்குப் போகும்' அப்படின்னுட்டார். பன்னெண்டு குதிரை போனா இங்க என்ன இருக்கு? சாணமும் நானும். எல்லாக் குடும்பத்தையும் நீயே வரிசையா நிறுத்திச் சொல்லிடறியா?"

குதிரைகள் கடந்து போயின. மாஸ்டர் வாட்சை அழுத்த மறந்துவிட்டார். அதைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

"என்கிட்ட சொல்லிட்ட. பாரத்த இறக்கி வச்சாச்சுன்னு நெனச்சுக்கிட்டுப் போ."

"இறங்கலைங்கய்யா" என்றார் தொட்டிக்காரர்.

"எனக்கு மட்டும் என்ன, இப்பத்தான ஏறியிருக்கு?" என்றார் மாஸ்டர்.

சனிக்கிழமை வண்டியில் ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். மூக்குத்தி முரண்டு பிடிக்கவில்லை, உதைக்கவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது, அவ்வளவுதான். நடுங்குகிற காலைத் தூக்கிப் பலகையில் வைக்க அதற்குத் தெரியவில்லை. ஒவ்வொரு காலாக அவர் பிடித்து வைத்தார். வழியெல்லாம் பக்கத்திலேயே நின்று கழுத்தைத் தடவிக்கொண்டு வந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தார். 'ஒண்ணுமில்ல' என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. அது பொய். குதிரைக்குப் பொய் தெரியுமோ தெரியாதோ, அவர் வாயை மூடிக்கொண்டார்.

கேட்டுக்குள் தள்ளிவிட்டு, குதிரைகள் வெளியே வரும் வாசலில் கயிறோடு போய் நின்றார்.

கேட் திறந்ததும் என்ன நடந்தது என்று யாருக்கும் முதலில் புரியவில்லை. பத்துக் குட்டிகள் ஒன்றாக வந்தன. அப்புறம் ஒன்று மட்டும் தனியாக வந்தது. முதல் வளைவிலேயே மூக்குத்தி ஐந்தாறு குதிரை நீளம் முன்னால் போய்விட்டது. ஜாக்கி சாட்டையைத் தூக்கவே இல்லை. தூக்க வேண்டிய தேவை வரவில்லை. பின்னால் வருகிற குளம்புச் சத்தம் எவ்வளவு நெருங்கியதோ அவ்வளவு நீண்டது அது. காது இரண்டும் பின்னால் மடிந்து, கண்ணின் வெள்ளை தெரிய, கழுத்தை நீட்டிக்கொண்டு போயிற்று. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கத்தக் கத்த அது இன்னும் வேகமெடுத்தது.

எல்லைக் கம்பத்தைத் தாண்டியது. மற்றக் குதிரைகள் தாண்டின. ஒவ்வொன்றாகத் தளர்ந்து, நடையாகி, வாசலுக்குத் திரும்பின. மூக்குத்தி நிற்கவில்லை. ஜாக்கி பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்தான். வாய் திறந்துகொண்டதே தவிர கால் நிற்கவில்லை. காலி ஓடுதளத்தில் தன்னந்தனியாக இன்னொரு சுற்றுப் போனது. கயிறோடு நின்ற தொட்டிக்காரரின் முன்னாலேயே ஓடிக் கடந்தது.

"என்னா தெம்பு பாருய்யா!" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கூட்டம் மறுபடி கை தட்டியது.

இரண்டு ஆட்கள் குதிரை மேல் போய் இருபக்கமும் நெருக்கித்தான் அதை நிறுத்தினார்கள்.

முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார். கூட நாலைந்து விருந்தாளிகள். மாஸ்டர் அவர் பக்கத்தில், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"இவர்தானா அந்த ஆள்?" என்றார் முதலாளி. "எல்லாரும் ரெண்டாவதா வந்ததப் பாத்தாங்க, இவர் மட்டும் நாலாவதா வந்ததப் பாத்தார். எப்படிய்யா கண்டுபிடிச்சே? சொல்லு, இவங்களும் கேக்கட்டும்."

தொட்டிக்காரரின் உள்ளங்கை மூக்குத்தியின் கழுத்தில் இருந்தது. தோலுக்கு அடியில் ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கிற வழி தெரியாமல். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"சாப்பாட்டுலதாங்க" என்றார்.

விருந்தாளிகள் சிரித்தார்கள். நல்ல பதிலாகப் பட்டிருக்க வேண்டும். "இனி நம்ம குட்டி எது முதல் பந்தயம் ஓடினாலும் இவர் வாக்குத்தான் கடைசி. இவர எங்கயும் விட்டுடாதீங்க மாஸ்டர், இன்னும் ரெண்டு குதிரைய இவர் பேர்லயே போடுங்க" என்றார் முதலாளி. "அடுத்த மாசம் பெரிய பந்தயத்துல இதையே விடுவோம். என்னய்யா, ஓடும்ல?"

"ஓடுங்க."

அதில் பொய் இல்லை. ஓடும். கேட் திறக்கிற ஒவ்வொரு தடவையும் பயத்தில் ஓடும், எங்காவது எலும்பு முறிகிற வரைக்கும்.

அவர்கள் போனார்கள். போகிற போக்கில் மாஸ்டர் அவர் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். அறை இனி அவருடையது. யாரும் அசைக்க முடியாது. வீட்டுக்குப் போனால் மனைவி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். மகள் இடது பக்கமாகப் படுத்தபடி கேட்பாள், ஜெயிச்சுதாப்பா என்று.

ஓடிய குதிரையை வியர்வை ஆறும்வரை நடத்த வேண்டும். வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் மணல் போட்ட வட்டம் ஒன்று இருந்தது. மற்றக் குதிரைக்காரர்கள் அரைமணி நேரத்தில் முடித்துக்கொண்டு தண்ணீர் காட்டப் போய்விட்டார்கள். மூக்குத்திக்கு ஒரு முறை வியர்வை ஆறியது. வண்டிக்காரன் எஞ்சினைக் கிளப்பினான். அந்தச் சத்தத்தில் காதுக்குப் பின்னால் மறுபடி நுரை கட்டி, கழுத்து வழியாக இறங்கி, அவர் கையை நனைத்தது.

"இன்னும் ஆறலையா?" என்று வண்டிக்காரன் கத்தினான்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு, கயிற்றை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, தொட்டிக்காரர் அதை மறுபடி வட்டத்துக்குத் திருப்பினார்.